ரசம் நிற்கும் தட்டு: கையால் செய்த மண் தட்டில் அன்றாடச் சாப்பாடு

புதுச்சேரியில் மண்ணைத் தொட விரும்புகிறவருக்கு இரண்டு மரபுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று, வில்லியனூர்ப் பக்கத்துச் செம்மண் வேலை. புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் கைவினை அது. குயவர்பாளையம் என்று நகருக்குள்ளேயே ஒரு பகுதியின் பெயர் நின்றிருப்பதும் அந்த மரபால்தான். மற்றொன்று, 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. ஜப்பானில் மண்பாண்டம் பயின்றவர் டெபோரா. சவுக்கு விறகில் உயர் சூட்டில் சுட்டெடுத்த, கண்ணாடி மெருகேறிய ஸ்டோன்வேர் கோப்பைகளும் தட்டுகளும் அவர்கள் பட்டறையிலிருந்து நாடெங்கும் போயின. அங்கே பயின்றவர்கள் பலர் பின்னாளில் சொந்தப் பட்டறை வைத்தார்கள். ஆரோவில்லிலும் இப்போது பல பட்டறைகள் இயங்குகின்றன.

கடைகளில் கிடைக்கும் அழகான தட்டுகளில் எனக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலானவை கத்தி, முள்கரண்டிச் சாப்பாட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. விளிம்பு வெளிப்பக்கம் விரிந்து தாழ்ந்திருக்கும். அதில் ரசம் ஊற்றினால் சோற்றைப் பிசையும்போதே வழிந்துவிடும். நம் சாப்பாடு கையால் பிசைந்து, வழித்து, கடைசியில் மோர் வரைக்கும் போகிறது. அதற்குத் தகுந்த தட்டை நீங்களே செய்துகொள்வதுதான் இந்த அத்தியாயம். சக்கரம் வேண்டாம். வீட்டில் சூளையும் வேண்டாம்.

முதலில் சூளை, பிறகு மண்

பலரும் மண்ணை வாங்கிப் பிசைந்து தட்டு செய்து காயவைத்த பிறகுதான் சூளையைத் தேடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். பக்கத்தில் எந்தப் பட்டறை வெளியாள் செய்த பாண்டங்களைக் கட்டணத்துக்குச் சுட்டுத் தருகிறது என்று கேட்டு, மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. அவர்கள் சூளை கடைசியாக எட்டும் வெப்பம் எவ்வளவு?
2. அந்த வெப்பத்துக்கு உரிய எந்த மண்ணை ஏற்றுக்கொள்கிறார்கள்? அவர்களிடமே விலைக்குக் கிடைக்குமா?
3. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு உகந்த கிளேஸ் (கண்ணாடி மெருகுப் பூச்சு) அவர்களிடம் உண்டா?

ஸ்டோன்வேர் சூளை பொதுவாக 1220 முதல் 1280 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஆற்றங்கரைச் செம்மண் அந்தச் சூட்டைத் தாங்காது. உப்பி, உருகி, சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் தட்டோடு பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் பாண்டங்களும் கெட்டுப்போகும். எனவே வில்லியனூர் மண்ணை ஸ்டோன்வேர் சூளைக்குக் கொண்டுபோகாதீர்கள். செம்மண் விளக்கு, சட்டி, பானைக்கு அருமையான மண். ஆனால் குறைந்த சூட்டில் சுட்டு மெருகில்லாமல் விட்டால் நீரை உறிஞ்சும், எண்ணெயும் புளியும் ஏறும். தினமும் சாப்பிட்டுக் கழுவும் தட்டுக்கு ஸ்டோன்வேர்தான் சரி.

வேண்டிய சாமான்கள்

இரண்டு கிலோ ஸ்டோன்வேர் மண் (பட்டறையில் பிசைந்த நிலையில் கிடைப்பது). பூரிக்கட்டை. 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு மரச்சட்டங்கள். பழைய வேட்டித் துணி. சற்று உயர்ந்த விளிம்புள்ள 30 சென்டிமீட்டர் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு ஒன்று. அதுதான் நம் அச்சு. சிறு கத்தி, ஸ்பாஞ்சு, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒட்டுப்பலகைத் துண்டுகள் இரண்டு, பெரிய பாலித்தீன் பை.

குறிப்பு: மண் வேலைக்கு எடுத்த பூரிக்கட்டையும் கிண்ணமும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு போடுவது

ஈரமண் காயும்போது சுருங்கும், சுடும்போது மேலும் சுருங்கும். ஸ்டோன்வேர் மண் மொத்தத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டறையில் கேட்டால் அந்த மண்ணின் சரியான எண்ணைச் சொல்வார்கள். வேண்டிய அளவை 0.88ஆல் வகுத்தால் ஈரமண்ணில் எவ்வளவு வேண்டும் என்பது கிடைக்கும். 26 சென்டிமீட்டர் தட்டு வேண்டுமானால் ஈரத்தில் 29.5. அதனால்தான் 30 சென்டிமீட்டர் எவர்சில்வர் தட்டை அச்சாகச் சொன்னேன்.

விளிம்பின் உயரத்தில் கவனம் செலுத்துங்கள். சுட்டு முடிந்த பின் உள்ளே 2.5 சென்டிமீட்டராவது ஆழம் இருக்க வேண்டும். ஈரத்தில் 3 சென்டிமீட்டர் வையுங்கள். சுவர் செங்குத்தாக எழாமல், அடியிலிருந்து வளைந்து ஏறி, முடியும் இடத்தில் மிகச் சிறிதளவு உள்ளே திரும்ப வேண்டும். விரல்கள் சோற்றை வழித்துக்கொண்டு வரும்போது இந்த வளைவில்தான் ரசம் கூடும்.

இந்த வடிவம் புதிதல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஏராளமாகக் கிடைத்த பாண்ட வகை ஒன்று உண்டு: அகன்ற, ஆழமில்லாத, உள்நோக்கி வளைந்த விளிம்புடைய மெல்லிய தட்டு. உட்பக்கத்து அடியில் வட்டவட்டமாக நுண்ணிய பல்வரிசைக் கோலம் ஓடும். ரூலெட்டட் வகை என்று அகழாய்வாளர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்த சரக்கு என்று வீலர் எண்ணினார். பிற்கால மண் ஆய்வுகள் அதை இந்திய மண்ணில் செய்ததாகவே காட்டின. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கின்றன. வேலை தொடங்குமுன் ஒரு நடை போய் விளிம்புகளைப் பாருங்கள். படத்தில் பார்ப்பதைவிட நேரில் அந்த வளைவு நன்றாகப் பிடிபடும்.

தட்டு செய்யும் முறை

1. ஒன்றேமுக்கால் கிலோ மண்ணை எடுத்துப் பலகையில் உள்ளங்கையால் அழுத்தித் திருப்பித் திருப்பிப் பிசையுங்கள். ஒரு கம்பியால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். வெட்டுமுகத்தில் காற்றுக் குழிகள் தெரிந்தால் மறுபடி பிசைய வேண்டும்.

2. ஈரம் பிழிந்த துணியை விரித்து, மண்ணை உள்ளங்கையால் தட்டித் தட்டி அடைபோல் ஆக்குங்கள். இருபக்கமும் மரச்சட்டங்களை வைத்து, அவற்றின் மேல் பூரிக்கட்டை உருளும்படி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேயுங்கள். நாலைந்து தேய்ப்புக்கு ஒரு முறை துணியோடு புரட்டிப் போடுங்கள். ஒரே பக்கம் தேய்த்த தகடு காயும்போது கோணும்.

3. 34 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தகடு வந்ததும் ஸ்பாஞ்சாலோ பழைய ஏ.டி.எம். அட்டையாலோ இரண்டு முகங்களையும் அழுத்தி வழித்துவிடுங்கள். மண் இறுகும். நடுவில் விரிசல் விடாமல் காப்பது இந்த ஒரு வேலைதான். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

4. இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு எவர்சில்வர் தட்டின் உட்பக்கம் மெல்லிய ஈரத்துணியைச் சுருக்கமில்லாமல் பரப்பி, தகட்டை அதன் அடித்துணியோடு தூக்கி, கவிழ்த்து உள்ளே இறக்குங்கள். கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒருமுறை வளைந்த மண் அந்த வளைவை மறக்காது. நீங்கள் நிமிர்த்தினாலும் சூளையில் மறுபடி வளைந்துகொள்ளும்.

5. மேல் துணியை உரித்துவிட்டு, ஈர ஸ்பாஞ்சால் நடுவிலிருந்து சுவர் வரை மெல்ல அழுத்திப் படியவையுங்கள். தட்டின் ஓரத்தை ஒட்டிக் கத்தியால் மிச்சத்தை நறுக்குங்கள்.

6. விளிம்பு. நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. கத்தி வெட்டிய கூர்முனையை அப்படியே விட்டால் கிளேஸ் அங்கே மெலிந்து நிற்கும், முதல் இடியிலேயே பெயரும். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் நனைத்து, விளிம்பைக் கவ்வியபடி தட்டைச் சுற்றிச் சுற்றி வாருங்கள். உருண்டு, வழவழவென்று ஆகி, சற்றே உள்ளே சாயும் வரை விடாதீர்கள்.

7. பாலித்தீன் பையை மேலே தளர்வாகப் போர்த்தி மறுநாள் வரை விடுங்கள். மண் தன் வடிவில் நிற்கும், ஆனால் நகம் பட்டால் இன்னும் பதியும் நிலைக்குத் தோல்பதம் என்று பெயர். அந்தப் பதத்தில் ஒட்டுப்பலகையை மேலே வைத்துச் சேர்த்துக் கவிழ்த்து, எவர்சில்வர் தட்டையும் துணியையும் எடுத்துவிடுங்கள்.

8. அடி வளையம். மிச்ச மண்ணில் விரல் தடிமனில் திரி உருட்டி, 18 முதல் 20 சென்டிமீட்டர் விட்டத்தில் அடியில் வட்டமாகப் பொருத்த வேண்டும். பொருந்தும் இரண்டு முகங்களையும் முள்ளால் கீறி, அதே மண்ணைத் தண்ணீரில் கரைத்த கெட்டிக் குழம்பைத் தடவி ஒட்டி, இருபுறமும் இழுகுங்கள். வளையம் சிறியதாக இருந்தால் உயர் சூட்டில் இளகும்போது தட்டின் ஓரம் தொங்கிவிடும்.

செய்யக் கூடாதது: எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் தகட்டைப் போர்த்திக் காயவிடாதீர்கள். மண் சுருங்கும், எவர்சில்வர் சுருங்காது. மறுநாள் காலை நட்டநடுவில் பிளந்திருக்கும்.

அலங்காரம்: எங்கே, எவ்வளவு

தோல்பதத்தில் இருக்கும்போதே அலங்கரிக்க வேண்டும். அலங்காரத்தை விளிம்பிலும் சுவரிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அரச இலை, வேப்பிலை என்று நடுத்தட்டில் ஆழமாகப் பதித்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நரம்புப் பள்ளங்களில் பருப்பும் தயிரும் தங்கும், தேய்த்தாலும் போகாது.

அரிக்கமேட்டுப் பல்வரிசையை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கலாம். சோமாசு ஓரம் வெட்டும் பல்சக்கரக் கரண்டி அதற்குப் போதும். தட்டைச் சுற்றிவிட்டபடி, சுவரின் உட்பக்கத்தில் கரண்டியை அழுத்தாமல் உருட்டினால் நெளிவரி வட்டமாக ஓடும். அரை மில்லிமீட்டர் பதிந்தால் போதும், கிளேஸ் நிரம்பி அந்த இடத்தில் நிறம் சற்று அடர்ந்து தெரியும். வட்டம் முடியும் இடம் தொடங்கிய இடத்தோடு ஒட்டாமல் போனால் ஈர விரலால் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தோல்பதம் அதற்கு இடம் கொடுக்கும்.

விளிம்பில் புள்ளிக்கோலம் போட மருதாணிக் கூம்பு நல்ல கருவி. வெள்ளை மண்குழம்பை அதில் நிரப்பிப் பிழியுங்கள். நீங்கள் தட்டு செய்த மண்ணோடு சேர்ந்து சுருங்கும் குழம்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சூளையில் உரிந்துவரும். எனவே குழம்பையும் மண் வாங்கிய பட்டறையிலேயே கேட்டு வாங்குங்கள். பழுப்புக்குச் செங்காவி, நீலத்துக்குக் கோபால்ட், இரண்டும் சிறிதளவே வேண்டும், இரண்டின் மேலும் கிளேஸ் மூட வேண்டும். அக்ரிலிக், எனாமல், வார்னிஷ் எதுவும் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகாது. சுட்ட பிறகு பூசும் எந்தப் பெயின்டும் உணவோடு சேரும்.

உலர்த்துதல்

புதுச்சேரியில் உலர்த்துவது காலத்தைப் பொறுத்தது. அக்னி நட்சத்திர நாட்களில் அனலடித்தால் விளிம்பு ஒரே மாலையில் காய்ந்துவிடும், நடு ஈரமாகவே இருக்கும். அந்த வேறுபாடுதான் விளிம்பில் விரிசல். விளிம்பை மட்டும் பாலித்தீன் பட்டையால் சுற்றி, நடுவைத் திறந்து வையுங்கள். மாடி, மின்விசிறி, வெயில் மூன்றும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கல் வேறு விதம். ஒரு வாரத்தில் காய வேண்டியது இரண்டு வாரம் இழுக்கும், துணியில் பூஞ்சை பிடிக்கும். அப்போது பையை எடுத்துவிட்டு, தட்டுக்கு அடியில் செய்தித்தாள் போட்டு, தினமும் தாளை மாற்றுங்கள்.

எந்தக் காலமானாலும் தட்டைக் கவிழ்த்து, விளிம்பு பலகையில் சமமாக உட்காரும்படி காயவிடுங்கள். காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு சூளைக்குப் போன பாண்டம் ஆவி வெளியேற வழியில்லாமல் வெடிக்கும்.

உடன் இரண்டு சிறு பாத்திரங்கள்

பெரிய தட்டு காயும் நாட்களில் இவற்றைச் செய்யலாம். முதல் முறை மண் தொடுகிறவர் இவற்றில் தொடங்கினாலும் நல்லதே.

பொரியல் கிண்ணத்துக்கு 250 கிராம் மண். உருண்டையாக்கி, கட்டைவிரலை நடுவில் அடிவரை ஒரு விரல் தடிமன் மிஞ்சும்படி இறக்கி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி ஏற்றுங்கள். விளிம்பைக் கடைசியில் மெலிதாக்குங்கள். முதலிலேயே மெலிந்தால் கிண்ணம் அகன்று தட்டாகிவிடும். விரல் தடங்களை அழிக்க வேண்டாம். கையால் எடுத்துச் சாப்பிடும்போது அவை நல்ல பிடிப்பு.

மற்றொன்று முள் தட்டு. சங்கராவோ கிழங்கானோ குழம்பு வைக்கும் வீட்டில் முள் வைக்க ஓர் இடம் வேண்டும், தட்டோரத்தில் குவித்தால் சோற்றோடு கலந்து தொண்டையில் சிக்கும். சுட்டபின் 10 சென்டிமீட்டர் வரும்படி சின்ன வட்டம், ஒரு விரல் உயர விளிம்பு. கடைகளில் இப்படி ஒன்று கிடைப்பது அரிது.

சூளைக்கு அனுப்புவதும் கிளேஸும்

முதல் சூடு 900 முதல் 1000 டிகிரி. தொடக்கத்தில் மெல்லத்தான் ஏற்றுவார்கள். 100 டிகிரி தாண்டும்போது மிஞ்சிய ஈரம் போகும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டால் விரிசல் அங்கேதான் விழும். எனவே பட்டறைக்காரரிடம் நாளைக்குள் வேண்டும் என்று நச்சரிக்காதீர்கள். சூளை 100 டிகிரிக்குக் கீழ் ஆறிய பிறகே திறக்கப்படும்.

முதல் சூடு முடிந்த தட்டைத் துடைத்துத் தூசு நீக்கி, கிளேஸில் தோய்க்க வேண்டும்.

1. கிளேஸ் வாளியை அடிவரை கலக்குங்கள். கனமான பொருள்கள் அடியில் தங்கியிருக்கும்.
2. தட்டைச் சாய்த்து உள்ளே நுழைத்து, மூன்று விநாடி வைத்து, எடுத்து உதறுங்கள்.
3. அடி வளையத்தையும் அதற்கு மேல் 3 மில்லிமீட்டரையும் ஈர ஸ்பாஞ்சால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். துடைக்காத கிளேஸ் அடுத்து வரும் உயர் சூட்டில் உருகித் தட்டைச் சூளைப் பலகையோடு ஒட்டிவிடும்.

உட்பக்கத்துக்கு வெள்ளையோ வெளிர் நிறமோ, பளபளப்பான கிளேஸையே தேர்ந்தெடுங்கள். கரடான, மங்கலான கிளேஸ்களை வெளிப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியின் கடல்நீலம் உங்களுக்குப் பிடித்திருந்தால் விளிம்பில் ஒரு வரி போடுங்கள். கீரை மசியலும் பீட்ரூட் பொரியலும் வெளிர்த் தட்டில்தான் பசியைக் கிளப்பும்.

பாதுகாப்பு

- காய்ந்த மண் தூளிலும் கிளேஸ் தூளிலும் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகும், அதற்கு மருந்து கிடையாது. வேலை செய்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பாண்டத்தை உப்புத்தாளால் தேய்க்க நேர்ந்தால் என்95 முகக்கவசம் அணிந்து, வெளியில் உட்கார்ந்து தேயுங்கள்.
- எதில் செய்தது என்று தெரியாத கிளேஸ் தூளைத் தொடாதீர்கள். ஈயமும் காட்மியமும் கலந்த கிளேஸ் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகாது. நம் சாப்பாட்டில் புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் எல்லாமே புளிப்பு. அது உலோகத்தைக் கரைத்து இழுக்கும்.
- மண் கழுவிய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வாளியில் ஒரு இரவு தெளியவிட்டு, மேல்நீரைச் செடிக்கு ஊற்றி, அடிமண்ணை மறுபடி பிசையுங்கள். கிளேஸ் கழுவிய நீர் செடிக்கும் வேண்டாம். பட்டறையில் ஒப்படையுங்கள்.

சாப்பிடுமுன் மூன்று சோதனை

சூளையிலிருந்து வந்ததும் நேராகச் சோறு போட்டுவிட வேண்டாம்.

*புளிப்புச் சோதனை.* எலுமிச்சைத் துண்டு ஒன்றைத் தட்டின் உட்பக்கம் கவிழ்த்து 24 மணி நேரம் விடுங்கள். எடுத்துக் கழுவிய பின் அந்த இடம் நிறம் மாறியிருந்தாலோ பளபளப்பு இழந்திருந்தாலோ அந்தத் தட்டு சாப்பாட்டுக்கு அல்ல. இந்தச் சோதனையில் தேறியது என்பதாலேயே ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி. அதனால்தான் கிளேஸில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வாங்கச் சொல்கிறேன்.

*உறிஞ்சல் சோதனை.* தட்டை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி, துடைத்து, மறுபடி எடை போடுங்கள். 900 கிராம் தட்டு 918 ஆனால் 2 சதவீதம் உறிஞ்சியிருக்கிறது, பரவாயில்லை. 3 சதவீதத்தைத் தாண்டினால் சூடு போதவில்லை என்று பொருள். இன்னொரு முறை சுட முடியுமா என்று பட்டறையில் கேளுங்கள்.

*மஞ்சள் சோதனை.* மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவி ஒரு மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். மயிரிழை போல மஞ்சள் கோடுகள் நின்றால் கிளேஸில் நுண்விரிசல் இருக்கிறது. அந்தத் தட்டில் சாம்பார் வேண்டாம். பழமோ முறுக்கோ வைக்கலாம்.

தினமும் சாப்பிட

மண் தட்டு சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும். பரிமாறுமுன் வெந்நீரில் ஒருமுறை அலசினால் சோறு கடைசிக் கவளம் வரை இளஞ்சூடாக இருக்கும், குளிர்ந்த தட்டில் கொதிக்கும் சாம்பார் பட்டு விரிசல் விடுவதும் நிற்கும். ஸ்டோன்வேரை அடுப்பில் ஏற்றாதீர்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தயிர்க் கிண்ணத்தை உடனே வெந்நீரில் போடாதீர்கள். ஊறுகாயைத் தட்டில் இரவு முழுக்க விடாதீர்கள்.

கழுவுவதற்குத் தேங்காய் நாரும் சாதாரணச் சோப்பும் போதும். இரும்பு நார் கிளேஸில் கறுப்புக் கீறல் விடும். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் தட்டின் மெருகில்லாத அடி வளையம் கீழ்த்தட்டைக் கீறும். வளையத்தை முதல் நாளே ஈர உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள், இடையில் ஒரு துணித்துண்டும் வையுங்கள். விளிம்பு பெயர்ந்த தட்டில் சாப்பிடக் கூடாது. பெயர்ந்த இடம் கண்ணாடிச் சில்லுதான், உதட்டையும் விரலையும் அறுக்கும். பூந்தொட்டிக்கு அடித்தட்டாக அதைப் பயன்படுத்துங்கள்.

வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஆறு தட்டுகளையும் ஒரே மூச்சில் செய்துவிடாதீர்கள். முதலில் இரண்டு செய்து, ஒரு மாதம் அவற்றில் மாற்றி மாற்றி எல்லோரும் சாப்பிட்டுப் பாருங்கள். ரசம் எங்கே வழிகிறது, கழுவும்போது கையில் கனக்கிறதா, அலமாரியில் அடங்குகிறதா என்று வீட்டார் சொல்வதை எழுதி வைத்து, அளவைத் திருத்திக்கொண்டு மீதி நான்கையும் செய்யுங்கள்.